மீன்களுக்கு வெந்நீர்

எங்கள் தெருவில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. மீனுக்கு ஹீட்டர் போடுகிற வீடு. சித்தூரில் சித்திரை வெயிலில் வெந்தவர்கள் யார் இதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். மனுஷனே ஃபேனுக்கடியில் புழுங்கிச் சாகிறான், மீனுக்கு ஹீட்டரா என்பார்கள். ஆரம்பத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது ஆட்டோக்காரருக்கு வழி சொல்லும்போது நானே அப்படித்தான் சொல்கிறேன். கதவு எண்ணைவிட அது சீக்கிரம் புரிகிறது.

வீடு சரிவில் கட்டியது. ரோட்டிலிருந்து பார்த்தால் சாதாரண வீடுதான். பின்பக்கம் இறங்கிப் போனால் வீட்டுக்கு அடியில் இன்னோர் அறை இருப்பது தெரியும். பள்ளத்தை மண் கொட்டி நிரப்புவதற்குப் பதிலாக, தூண் எழுப்பி அறையாக்கிவிடலாம் என்று மேஸ்திரி சொன்னார், சரி என்றோம். இந்த ஊரில் அதைச் செல்லார் என்பார்கள். மூன்று பக்கமும் மண்ணுக்குள் இருக்கும். நான்காவது பக்கத்தில் ஒரு கதவு, அதன் மேலே ஒரு சின்ன வென்டிலேட்டர். கோடையில் அங்கே பாய் விரித்துப் படுத்தால் சொர்க்கம். கார்த்திகை பிறந்துவிட்டால் சுவர் சில்லிட்டு, தரை ஈரம் கட்டி, வெங்காய மூட்டை முளைவிடும். அப்படி ஓர் அறையில்தான் நாங்கள் மீன் வளர்க்கப் போனோம்.

என் வீட்டுக்காரர் மாங்கூழ் தொழிற்சாலைக்கு லாரி ஓட்டியவர். சொந்த ஊர் குடிபாலா பக்கம். அவரைப் பெற்றவர்கள் காலமெல்லாம் அடுத்தவன் தோப்பில் மாங்காய் பறித்துக் கூலி வாங்கியவர்கள். அந்த வம்சத்தில் ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் இவர். அந்தப் பெருமை நடையிலேயே தெரியும். பிறகு சர்க்கரை வந்தது, சர்க்கரை கண்ணுக்குள் போனது. வேலூரில் டாக்டர் பார்த்துவிட்டு, வெளிச்சமும் நிறமும் தெரியும், பெரிய உருவம் அசைந்தால் தெரியும், எழுத்து தெரியாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"போவட்டும் உடு" என்றார்.

அதற்கப்புறம் எதற்கும் அதே பதில்தான். பால்காரர் தண்ணீர் ஊற்றிவிட்டார் என்றால் போவட்டும் உடு. தம்பி மகன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்றால் போவட்டும் உடு. குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளுகிற மனிதர், ஒரு நாள் நான் மறந்தே போன உப்பில்லாத குழம்பைத் தின்று முடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கத்துகிற ஆளோடு குடும்பம் நடத்திவிடலாம், உப்பு கேட்காத ஆளோடு எப்படி நடத்துவது?

மீன் எங்கள் மகளால் வந்தது. அவள் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். வாடகை வீடு மாறும்போது, "நைனா, ஒரு மாசம் வெச்சிருங்க" என்று ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். இன்றுவரை திருப்பி எடுத்துப் போகவில்லை. வேண்டுமென்றே செய்தாள் என்று பிற்பாடு ஒப்புக்கொண்டாள். தொட்டிக்குள் சிவப்பாக நாலைந்து மீன்கள். அவர் கண்ணுக்கு எழுத்து தெரியாவிட்டாலும் தண்ணீருக்குள் சிவப்பு நகர்வது தெரிந்தது. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர், மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால், "இருமே, வரேன்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த வேறு வார்த்தை. என் மகளுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

ஆனால் கூடத்தில் தண்ணீர் சிந்தி, நான் வழுக்கி விழுந்து, வாய்க்கு வந்ததெல்லாம் பேசி, தொட்டியைச் செல்லாருக்கு நாடு கடத்தினேன். கீழே போனதும் தொட்டி ஒன்று நாலானது, நாலு ஒரு ரேக் முழுக்க ஆனது. அந்தக் குளிர்காலத்திலேயே பாதி மீன் செத்து மிதந்தது. திருப்பதியில் மீன் விற்கிற கடைக்காரர், தண்ணீர் சூடாக இருந்தால்தான் இவை தாங்கும், தொட்டிக்கொரு ஹீட்டர் போடுங்கள் என்றார். கண்ணாடிக் குழாய் ஹீட்டர்களை வாங்கிப் போட்டோம். ஒன்று தண்ணீர் மாற்றும்போது டப்பென்று வெடித்தது. கரண்ட் மீட்டர் பம்பரமாகச் சுற்றியது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி லாரிக்காரர் வழி. "மூட்டைக்கு மூட்டை தார்ப்பாய் போடுவாங்களா? லாரிக்கு ஒண்ணு போட்டாப் போதாதா?" என்றார். தொட்டிகளை விட்டுவிட்டு அறையையே சூடாக்குவது என்று முடிவானது. பழம் அனுப்புகிற கிடங்கிலிருந்து தெர்மாகோல் தகடுகள் வாங்கிச் சுவரிலும் கூரையிலும் ஒட்டினோம். கதவுக்கு உள்பக்கம் பழைய பஞ்சு மெத்தையைப் பிரித்துத் திரையாகத் தொங்கவிட்டோம். வென்டிலேட்டரையும் தெர்மாகோலால் அடைத்தோம். எண்ணெய் நிரப்பிய ரூம் ஹீட்டர் ஒன்று வந்தது. சூடெல்லாம் மேலே போய் உட்கார்ந்துகொண்டு கீழ்த் தட்டு மீன்கள் விறைத்ததால், கூரையோரம் ஒரு குட்டி ஃபேன் மாட்டிச் சூட்டைக் கீழே தள்ளினோம். அப்படியும் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் இருந்தது. அதனால் சீமான்கள் மேலே, கப்பி மீன் போன்ற ஏழைபாழைகள் கீழே என்று குடிவைத்தோம். சுவரெல்லாம் வியர்த்துக் கொட்டி என் ஊறுகாய் ஜாடி பூஞ்சை பிடித்தபோது ஒரு சண்டை நடந்தது. தொட்டிகளுக்கு மூடி போட்டதும் அது நின்றது.

நான் திட்டினேனே தவிர, மீனுக்குச் சூடு எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க எனக்கு வாய் கிடையாது. நான் பிறந்தது குப்பம் பக்கம், பட்டுப்புழு வளர்க்கிற வீட்டில். புழுவுக்குப் பெரிய மனை, எங்களுக்குச் சின்ன வீடு. மழை பிடித்துக்கொண்டால் எங்கள் நைனா பிள்ளைகளுக்குப் போர்வை தேடுவதற்கு முன்னால் புழு மனைக்குக் குமுட்டி அடுப்பும் கரியும் தேடுவார். வாயில்லாத ஜீவனுக்குக் குளிருகிறது என்று அலைகிற ஆம்பிளையைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு வாய்த்தவரும் அப்படியே ஆனதில் என்ன அதிசயம்?

தெர்மாமீட்டரைப் படிப்பது என் வேலை. காலையில் செல்லார் கதவைத் திறந்ததும், "இன்னாமே, எவ்ளோ?" என்பார். நான் குனிந்து பார்த்து, இருபத்தெட்டு என்பேன். அது இருபத்தெட்டாக இருந்தால் அன்றைக்குக் குழம்பில் உப்பு குறை என்று சண்டை வரும். இருபத்தாறு என்றால் சாப்பாடே இறங்காது. நான் இருபத்தெட்டுக்காகவே சாமி கும்பிட ஆரம்பித்தேன்.

இங்கே அடுத்த வீட்டு மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரிவில் எங்களுக்கு மேல்பக்கத்து வீடு. வைஷ்ணவக் குடும்பம், தலைமுறை தலைமுறையாகப் பெருமாள் சேவையில் இருப்பவர்கள். அவர் கணவர் திருமலையில் பாராயண கைங்கர்யம் செய்கிறவர். பெரும்பாலும் மேலேயே தங்கிவிடுவார், எப்போதாவதுதான் வருவார். மாமி தனியாகத்தான் இருப்பார். மடி, ஆசாரம் எல்லாம் கட்டுக்கோப்பு. மலையிலிருந்து லட்டு வந்தால் எங்களுக்கும் உண்டு. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, இலைத்துண்டில் வைத்து, என் கை மேல் படாமல் ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். எனக்குக் கோபம் வரும். லட்டு இனிக்கும். எங்கள் வீட்டிலிருந்து மாம்பழம் போகும், தோலோடு இருப்பதால் அதற்குத் தடையில்லை. பாத்திரம் மட்டும் அந்தச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கமும் வந்ததில்லை, அந்தப் பக்கமும் போனதில்லை.

தொட்டிகள் வந்த புதிதில் மாமி சுவர் வழியாக எட்டிப் பார்த்து, இதையெல்லாம் வளர்த்துச் சாப்பிடுவீர்களா என்று கேட்டார். "துன்றதுக்கு இல்லம்மா, பாக்கறதுக்கு" என்றார் என் வீட்டுக்காரர். கண் போன மனிதர் அதைச் சொன்னதும் மாமி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

இனி டிஸ்கஸ். தட்டுப் போல வட்டமாக, செங்கல் நிறத்தில் கோடு கோடாக இருக்கும். மீன்களில் அது மகாராணி. கொஞ்சம் குளிர்ந்தால் கறுத்துப் போய் மூலையில் ஒதுங்கும், சாப்பிடாது. அந்தக் கடைக்காரரிடம் ஒரு ஜோடி வாங்கி, தண்ணீர்ப் பையைத் துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்தார். சந்திரகிரி தாண்டும்போதே பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததைக் கண்டு, பக்கத்து சீட்டுக்காரர் பிள்ளையா என்று கேட்டாராம். அந்த ஜோடி முட்டை வைக்கும், தானே தின்றுவிடும். வைக்கும், முட்டையெல்லாம் வெள்ளையாய்ப் பூத்துவிடும். இப்படியே பல தடவை ஆன பிறகு, அந்தக் கார்த்திகையில் குஞ்சு பொரித்தது. டிஸ்கஸ் குஞ்சுகள் வேறெதையும் தின்னாது. தாய், தகப்பன் உடம்பின் மேல் பால் மாதிரி ஒன்று சுரக்கும். குஞ்சுகள் அவற்றின் விலாவில் ஒட்டிக்கொண்டு அதைக் கொத்தித் தின்னும். விழுந்துவிட்டால் பட்டினிதான்.

கொசு மாதிரி இருந்த குஞ்சுகள் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. "ஒட்டிக்கினு கீதா?" என்று என்னைக் கேட்பார். நான் மூக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து, தாய் மேல் இத்தனை, தகப்பன் மேல் இத்தனை, இப்போது தகப்பன் உதறிவிட்டுத் தாயிடம் அனுப்புகிறது, உங்களை மாதிரியே என்று சொல்வேன். அவர் சிரிப்பார். எனக்கு மீன் பிடித்துப் போனது அப்படித்தான். இன்னொருவருக்காகப் பார்க்க ஆரம்பித்து, கண்ணை எடுக்க முடியாமல் போனது.

அந்தச் சமயத்தில்தான் புயல் வந்தது. வங்கக்கடலில் எங்கே கரை கடந்தாலும் சில்லிப்பு எங்கள் மலைச்சரிவுக்கு வந்துவிடும். மழை விடாமல் கொட்டியது. கம்பம் சாய்ந்து கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் காற்று பம்பை மட்டும் ஓட்டினோம், ரூம் ஹீட்டரை அது இழுக்காது. மறுநாள் காலை இன்வெர்ட்டரும் செத்தது. திருப்பதியில் தெருவெல்லாம் தண்ணீர் என்று மகள் போனில் சொன்னாள். மலைப்பாதையை மூடிவிட்டதால் மாமியின் கணவர் மேலேயே மாட்டிக்கொண்டார். செல்லாரில் இருபத்தேழு, இருபத்தாறு என்று இறங்கி, இருபத்தைந்தில் தாய் மீன் கறுக்கத் தொடங்கியது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக அதன் விலாவிலிருந்து நழுவின. பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். "ஒட்டிக்கினு கீதா?" என்று அவர் கேட்ட குரலுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

குமுட்டி வைக்கலாம் என்று அவர்தான் சொன்னார். மாமனார் வீட்டில் பார்த்த வித்தை. இஸ்திரிக்காரரிடம் கரி வாங்கிவந்து, சன்ஷேடுக்கு அடியில் வைத்து மூட்டி, புகை அடங்கித் தணலானதும் செல்லாருக்குள் கொண்டுபோய் வைத்தோம். வென்டிலேட்டர் அடைப்பை எடுத்துவிடுங்கள், கதவு ஒரு கையகலம் திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நான் மேலே உலை வைக்கப் போனேன். எங்கள் நைனா வீட்டுப் புழு மனையில் கூரைக்கடியில் சுற்றிலும் காற்றுப் போக இடைவெளி விட்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியும். விருந்துக்கு வந்துபோன மாப்பிள்ளைக்குக் குமுட்டி மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. சூடு வெளியே போகிறதே என்று கதவைச் சாத்தி, மெத்தைத் திரையையும் இழுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் திரும்பி வந்து திரையை விலக்கியபோது முதலில் பார்த்தது மீன்களைத்தான். எல்லாத் தொட்டியிலும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. புழு மனையில் காற்று கெட்டால் புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டும், நைனா பதறி ஓடி ஜன்னலைத் திறப்பார். அதைப் பார்த்து வளர்ந்த கை தானாக வேலை செய்தது. கதவை உதைத்துத் திறந்து, அடைப்பைப் பிடுங்கி, குமுட்டியை இடுக்கியால் இழுத்து மழையில் தள்ளினேன். அப்புறம்தான் அவரைப் பார்த்தேன். நெற்றியைத் தொட்டிக் கண்ணாடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கச் சொன்னால் கால் நிற்கவில்லை. அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டேன். மழை முகத்தில் விழுந்ததும் வாந்தி எடுத்தார்.

கரியிலிருந்து வருகிற விஷக்காற்றுக்கு வாசனை கிடையாது, தூக்கம் மாதிரி வந்து ஆளை முடித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆக்சிஜன் வைக்கச் சொல்லு என்று மகள் போனில் அழுதுகொண்டே கத்தினாள். மீன் வாயைப் பிளந்தது விஷக்காற்றால் இல்லை, பம்பு நின்றதால்தான் என்று கடைக்காரர் பிறகு சொன்னார். இருக்கட்டும். எதனால் பிளந்தாலும், என்னைக் கதவைத் திறக்க வைத்தது அந்த வாய்கள்தான். அந்தக் கடனை நான் மறப்பதாக இல்லை.

ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, அவரைப் பின்பக்கத்திலிருந்து கைத்தாங்கலாக ஏற்றிவரும்போது நான் ஒரு தடவை செல்லார் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. இருந்த சூடும் போயிருக்கும். நான் நின்றதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"போவட்டும் உடு" என்றார்.

விஷக்காற்றுக்குக்கூட நான் அப்படி நடுங்கவில்லை. இந்த மனிதரை அந்த வார்த்தையிலிருந்து வெளியே இழுத்துவர எவ்வளவு காலம் ஆனது. மறுபடியும் அங்கேயே போய் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு தடவை இழுக்க எனக்குத் தெம்பில்லை. குடையோடு சுவரோரம் நின்றிருந்த மாமி, "அதுகளுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். இருந்த ஆத்திரத்தில், "சூடு வேணும் மாமி, வேற இன்னா வேணும்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள். முகத்தில் ரத்தம் வந்தது. தலைவலி குறைந்தது. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள், இனி பயமில்லை என்று சொல்லி மாலையில் அனுப்பினார்கள். வரும் வழியெல்லாம் அவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். நானும் மீனைப் பற்றி வாயெடுக்கவில்லை. செத்ததை எல்லாம் அவர் பார்க்காமல் எப்படி அள்ளிக் கொட்டுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் இறங்கும்போதே மாமி வீட்டுப் பின்கட்டிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அங்கே பழைய செம்புப் பாய்லர் ஒன்று உண்டு. தேங்காய் மட்டையும் சிரட்டையும் போட்டுக் குளிக்க வெந்நீர் போடுவார். அதற்குக் கரண்டும் வேண்டாம், கேஸும் வேண்டாம். செல்லாருக்கு இறங்கினால் கதவு ஒருக்களித்திருந்தது, மெத்தைத் திரை பாதி இழுத்திருந்தது. வென்டிலேட்டர் திறந்தே இருந்தது. உள்ளே அகல்விளக்கு. மேல் தட்டில் டிஸ்கஸ் தொட்டிக்குள் நாலு எவர்சில்வர் தூக்குப் பாத்திரங்கள், மூடி போட்டு, கொடிக்கயிற்றால் ரேக்கில் கட்டிக் கழுத்தளவு தண்ணீரில் இறக்கியிருந்தன. தொட்டி முன்னால் மாமி, மடிப்புடவை முழங்கால் வரை நனைந்து, முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

நாங்கள் போனதிலிருந்து பாய்லரில் வெந்நீர் போட்டு, தூக்கில் ஊற்றிச் சுமந்துகொண்டுவந்து, ஆறிப்போனதை எடுத்துப் புதிதை இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறார். வெந்நீரைத் தொட்டியிலேயே ஊற்றினால் மீன் வெந்துவிடும், அதனால் பாத்திரத்தோடு இறக்கினேன் என்றார். பித்தளைப் பாத்திரம் களிம்பு விடும் என்று அதில் ஒன்றையும் எடுக்கவில்லை. வீட்டில் எவர்சில்வர் என்று இருந்தது பெருமாள் தளிகைக்கு, அதாவது நைவேத்தியத்துக்கு, வைத்திருந்த தூக்குகள்தான். அதைத்தான் இறக்கியிருக்கிறார். மார்கழியில் அவர்கள் வீட்டுச் சாளக்கிராமத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில்தான் திருமஞ்சனமாம். பெருமாளுக்குக் குளிருமென்றால் இதுகளுக்குக் குளிராதா என்று என்னைத்தான் கேட்டார்.

நான் தெர்மாமீட்டரிடம் குனிவதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு கேட்டார், "ஒட்டிக்கினு கீதா?" என்னைத்தான் கேட்டார். பதில் மாமியிடமிருந்து வந்தது.

"இருக்கு. நெறைய இருக்கு. முன்னே கீழே விழுந்துண்டு இருந்தது. இப்போ அம்மா மேலேயே இருக்கு, நான் பார்த்துண்டே இருக்கேன்."

அவர் தொட்டியைத் தொடப் போய், பாத்திரத்தின் விளிம்பில் கை பட்டது. அதில் பொறித்திருந்த எழுத்தை விரலால் தடவினார். யார் பேர் போட்டிருக்கிறது என்று கேட்டார். மாமி தன் தாயார் பெயரைச் சொன்னார். அந்த எழுத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அழுதார். லைசென்ஸைப் பூட்டின அன்றைக்கு அழாதவர். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தண்ணி ஆறிண்டிருக்கு, அடுத்தது எடுத்துண்டு வரேன்" என்று படியேறினார். நான் பின்னாலேயே ஓடினேன். மடியோடு இப்படி நனைந்துவிட்டீர்களே என்றேன். எத்தனை தடவை குளிப்பது, இன்றைக்கு மழையே குளிப்பாட்டிவிட்டது என்றார். கரண்ட் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் மாறிமாறித் தூக்குச் சுமந்தோம். என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எது ஆறிவிட்டது என்று தொட்டுத் தொட்டுச் சொன்னார்.

குஞ்சுகளில் கொஞ்சம் போனது, பெரும்பங்கு பிழைத்தது. மழை விட்டதும் தூக்குகளைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோனேன். மனசுக்குள் ஓர் உறுத்தல். எங்கள் வீட்டுத் தொட்டியில் கிடந்தது இனி பெருமாள் தளிகைக்கு ஆகுமா? புதிதாக வாங்கித் தந்துவிடுகிறேன் மாமி என்றேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீனைத் தொட்டதற்கு என்ன தோஷம், பெருமாள் முதல் அவதாரத்தில் மீனாகத்தானே வந்தார் என்று கேட்டு, தூக்குகளைச் சுவர் மேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். மீனைத் தொட்டால் தோஷமில்லை, சரி, என்னைத் தொட்டால்? என்று நாக்கு நுனிவரை வந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடும் உப்பு கேட்கிற வாயோடும் உட்கார்ந்திருந்தார். நான் அதைக் கேட்கவில்லை. நன்றியும் கோபமும் ஒரே வயிற்றில் இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கேட்காத கேள்விக்கு மார்கழியில் பதில் வந்தது. ஒரு காலை, சுவரோரம் மாமி கூப்பிட்டார். வழக்கம்போல் இலைக்காகக் கையை ஏந்தினேன். வந்தது அந்தத் தூக்கு. உள்ளே நெய் மிதக்கும் பொங்கல். மேலிருந்து போட முடியாது, கனமாக இருந்தது. கையிலிருந்து கைக்குத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்தார். அவர் விரல்கள் என் விரல்கள் மேல் பட்டன. பாய்லர் சூட்டில் கன்றிய தோல் இன்னும் ஆறவில்லை. "பாத்திரம் மெதுவா வரட்டும், அவசரமில்லே" என்றார்.

பொங்கலைத் தின்று முடித்த பிறகு வந்தது சங்கடம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். நான் மாம்பழம் என்றேன். மார்கழியில் மாம்பழத்துக்கு எங்கே போவாய் என்றார் என் வீட்டுக்காரர். சமைத்ததைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. பாத்திரம் எங்கள் அடுப்பங்கரையிலேயே கிடந்தது. கடைசியில், குஞ்சுகள் நாலணா அளவு வளர்ந்த பிறகு, அவரே தூக்கைக் கேட்டு வாங்கி, செல்லார் தண்ணீரை ஊற்றி, என்னைக் கொண்டு நல்லதாக நாலு குஞ்சு பிடித்துப் போடவைத்து, மூடாமல் ஏந்திக்கொண்டு புறப்பட்டார். பின்னால் நான் ஒரு சின்னத் தொட்டியும் ஹீட்டரும் தெர்மாகோல் தகடும் சுமந்துகொண்டு போனேன்.

மாமி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் நின்றுவிட்டார். கண் தெரியாததால் நின்றாரா, பழக்கத்தால் நின்றாரா என்று நான் கேட்கவில்லை. மாமி தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"உள்ளே வாங்கோ" என்றார். "வாசல்லயா தொட்டி வெக்கப் போறேள்?"

இப்போது என் வீட்டுக்காரருக்கு இரண்டு வீட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டியிருக்கிறது. காலையில் எங்கள் செல்லாரில் என்னைக் கேட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி மாமி வீட்டுக் கூடத்துக்குப் போகிறார். "எவ்ளோம்மா?" என்று அவர் கேட்பது என் அடுப்பங்கரைக்குக் கேட்கும். மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்ப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். மாமி இருபத்தெட்டு என்று சொன்ன பிறகுதான் குழம்புக்கு உப்புப் போடுவேன்.